அட்மினுக்கும் அனுமதி இல்லை

ஜூன் 5, திங்கள்

காலை டீ இடைவேளைக்குள் கம்பெனியில் யாருக்கு என்ன சம்பளம் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிட்டது.

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், டீலர்களுக்கான விலைப்பட்டியலைத் தேடிப் போயிருக்கிறாள். எங்கள் சர்வரில் இருப்பது 'பொது' என்ற ஒரே ஃபோல்டர். அதற்குள் அக்கவுண்ட்ஸ்காரர்கள் மே மாதச் சம்பளக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். திறந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பம்ப் டிராயிங், கொள்முதல் ஆர்டர், ஆயுத பூஜை போட்டோ எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. யாரும் எதையும் திறக்கலாம். அழிக்கவும் செய்யலாம்.

ஜி.எம். சுதர்சன் சார் கூப்பிட்டார். "ஏம்மா கோகிலவாணி, இப்படி ஓட்டை இருக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லக் கூடாதா?"

இந்தப் பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான்தான். வந்த நாளிலிருந்து வருடா வருடம் மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். "சொல்லியிருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

புது சர்வர் வாங்குகிறார்கள். பிரிவுக்கு ஒரு ஃபோல்டர். யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியக் கூடாது என்று நான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜூலைக்குள். உதவிக்கு வெளியிலிருந்து ஆள் வருவார்களாம். ஒருவழியாக நடக்கிறது.

மனிதவளப் பிரிவின் மேனேஜர் என் வீட்டுக்காரர் பூபதி. ஸ்கூட்டரில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "கேன்டீன் மாஸ்டர் வந்து, 'ஏனுங்க சார், உங்களவிட அக்கவுண்ட்ஸ் சாருக்கு சாஸ்திங்களாமா'ன்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போறாரு."

ஜூன் 7, புதன்

ஒவ்வொரு பிரிவாகப் போய், உங்கள் ஃபோல்டரை யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில். அடுத்தவர்களுடையதை நாங்கள் பார்க்க வேண்டும், எங்களுடையதை அடுத்தவர்கள் பார்க்கக் கூடாது.

கொள்முதல் பிரிவின் நாச்சிமுத்து அண்ணன், "ஒளிச்சு வெக்கறதுக்கு என்றகிட்ட என்ன அம்மணி இருக்குது, ஆரு வேணா பாக்கட்டும்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "அந்த அக்கவுண்ட்ஸ்காரங்களத் தவுர" என்றார். இரண்டு அடி வைத்திருப்பேன். "குவாலிட்டிக்காரங்களும் வேண்டாம்."

அவருடைய ஃபைல்களில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அவர் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக வீடியோ. அதை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, என்னைப் பார்த்த பார்வையிலேயே கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு இடம் ஒதுக்க வேண்டும்.

ஜூன் 14, புதன்

மனிதவளப் பிரிவுக்கான பேச்சு இன்று. பூபதி தன் அறையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடம், ஆனாலும் ஆபீசில் நாங்கள் மேடம், சார்தான். அவர் வைத்த சட்டம்.

வருகைப் பதிவு, விடுப்பு, பயிற்சி என்று ஒவ்வொன்றாக முடித்தோம். கடைசியில், "உள்ள ஒரு ஃபோல்டர் மட்டும் தனியா வேணும் மேடம். எம்.டி., ஜி.எம்., நான். வேற யாரும் வேண்டாம்."

"அட்மின் எப்பவும் எல்லாத்துலயும் இருக்கும் சார்."

"அட்மினும் வேண்டாம்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அட்மினை, அதாவது என்னை, எடுத்துவிடலாம். ஆனால் சர்வரை வைத்திருக்கிற ஆள் நினைத்தால் எந்த ஃபோல்டரையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு திறக்க முடியும். திறந்தால் பதிவாகும், அவ்வளவுதான். முழுப் பூட்டு என்று ஒன்று கிடையாது.

"தெரியும். ஜி.எம்.கிட்ட சொல்லிட்டேன். 'அப்ப உங்க வீட்டம்மாவ நம்பித்தான் ஆகணும்'னார்."

இதைச் சொல்லும்போது அவர் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது போல, குரலும் சரியில்லை. சாயங்காலம் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார். கஷாயத்தை மறுக்காமல் குடிக்கிற ஆள் இல்லை அவர்.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் சிங்க்கில் ஒரு பாத்திரம் இல்லை. எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. டீயும் போட்டு வைத்திருந்தார். நேற்றும் அப்படித்தான்.

சம்யுக்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அப்பா எதாச்சும் தப்பு பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அப்பா பாத்திரம் கழுவினால் சந்தேகம் வருகிறது. வளர்ப்பு அப்படி.

சோபா பார்க்கப் போகலாம் என்று போன மாதமே பேசி வைத்திருந்தோம். "தீபாவளிக்குத் தள்ளுபடி போடுவான், அப்பப் பாத்துக்கலாம்" என்றார். பழைய சோபாவின் ஸ்பிரிங் குத்துகிறது என்று தினமும் சொன்னவர் இவர்தான்.

பிறகு துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "கோகி, ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சியே, கிளவுடோ என்னவோ. பாதியில விட்டுட்டியா?" என்றார்.

"அதுக்கு நேரம் எங்கீங்க இருக்குது?"

"நாந்தான் பாத்திரம் கழுவறேனே."

ஜூன் 19, திங்கள்

உதவிக்கு வந்திருக்கும் பெண்ணின் பெயர் ஹரிணி. கடலூர்ப் பக்கம். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் சேவைக் கம்பெனியில் வேலை. வயது இருபத்தாறு இருக்கும். விறைப்பாக ஆங்கிலம் பேசுகிற ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்ததும், "அக்கா, இங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ஹோட்டல் குழம்பெல்லாம் இனிக்குது" என்றாள். நாளையிலிருந்து அவளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சூட்டிகை. ஒரு தடவை சொன்னால் போதும். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்கிறாள். எந்தக் குரூப்பில் யார், எந்த ஃபோல்டருக்கு எந்தக் குரூப், பிரச்சினை வந்தால் எங்கிருந்து பார்க்க வேண்டும், எல்லாம். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. என் தலைக்குள் இருப்பதை ஒருத்தி உட்கார்ந்து கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24, சனி

அனுமதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இல்லாத ஒரு ஆளை உருவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் சேர்த்து எடுத்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் 'டெஸ்ட்' என்று பெயர் வைப்பார்கள். நான் 'வெள்ளையம்மாள்' என்று வைத்தேன்.

மெயில் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை மறைக்க மறந்துவிட்டேன். மதியத்துக்குள் வெள்ளையம்மாள் யார் என்ற பேச்சு ஃபவுண்டரி வரை போய்விட்டது. காலையில் டிசைன் பிரிவில் இருந்தவள் பதினொரு மணிக்கு அக்கவுண்ட்ஸுக்கு மாறி, சாப்பாட்டுக்கு முன் விற்பனைக்குப் போய்விட்டாள். "எம்.டி.க்குச் சொந்தமாமா, ட்ரெய்னிங்கு வந்திருக்குதாமா" என்று நாச்சிமுத்து அண்ணன் எனக்கே சொன்னார். டெஸ்பாட்ச்சில் ஒருவர் அவளை நேரில் பார்த்ததாகவும் கொஞ்சம் கர்வம் பிடித்தவள் என்றும் சொல்லியிருக்கிறார்.

சிரித்துச் சிரித்து ஹரிணிக்குப் புரையேறியது. பூபதியிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நீ இங்க ரொம்ப சந்தோஷமா இருக்கறயில்ல?" என்றார். இது என்ன கேள்வி?

ஜூலை 1, சனி

புது சர்வருக்கு மாறிய நாள். காலையில் ஒருவராலும் ஒன்றையும் திறக்க முடியவில்லை.

மேலே இருக்கிற ஃபோல்டருக்குக் கொடுக்கும் அனுமதி உள்ளே இருப்பவற்றுக்குத் தானாக இறங்கும். நடுவில் ஓர் இடத்தில் நான் அதை வெட்டிவிட்டேன். ஃபவுண்டரியில் வார்ப்பு ஊற்ற டிராயிங் கேட்டு நிற்கிறார்கள். போன் மேல் போன். ஹரிணி நகத்தைக் கடித்தாள். வெட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு டிக் போட்டதும் எல்லாம் திறந்துகொண்டது.

ஃபவுண்டரியிலிருந்து ஒரு தட்டு மைசூர் போண்டா அனுப்பினார்கள். திட்டுவதற்குப் பதில் போண்டா. இந்த ஆட்களை விட்டு நான் எங்கே போவது.

ஜூலை 4, செவ்வாய்

நாச்சிமுத்து அண்ணன் என் மேஜைக்கு வந்தார். நான் ஹரிணிக்காக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரு புத்தகம் அளவுக்கு வந்துவிட்டது.

"ஏனம்மணி, இத்தனையும் எழுதிக் குடுத்துட்டு நீயி எங்க போற?"

"நான் எங்கண்ணா போறேன். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா, பாக்கறதுக்கு ஆள் வேணுமில்ல."

"காய்ச்சலுக்கு இத்தன பக்கமா?"

அவர் போன பிறகு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன். மின்சாரம் போய் வந்தது.

ஜூலை 5, புதன்

நேற்றிலிருந்து தினமும் சாயங்காலம் புது சர்வரில் இருப்பதெல்லாம் இன்னோர் இடத்தில் நகலாகும். இன்று காலை அதன் அறிக்கையில் ஒரு சிவப்புக் கோடு. மனிதவளப் பிரிவின் அந்தத் தனி ஃபோல்டருக்குள் பேக்கப் போக முடியவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது. நான் போட்ட பூட்டு என் பேக்கப்பையே வெளியே நிறுத்திவிட்டது.

இதைச் சரிசெய்யப் பேக்கப்புக்கு மட்டும் உள்ளே போக அனுமதி கொடுக்க வேண்டும். கேட்காமல் கொடுக்கக் கூடாது. பூபதியின் அறைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பேக்கப் எடுத்தா, உள்ள இருக்கறத நீங்க பாக்க முடியுமா?"

"பாக்கணும்னு நெனச்சா இப்பவே பாக்க முடியும் சார். அன்னிக்கே சொன்னேனே."

"பாத்தீங்களா?"

"இல்ல."

வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாக்காத, கோகி."

ஆபீசில் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து, பேக்கப்புக்கு அனுமதி கொடுத்தேன். மதியம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பச்சை வந்துவிட்டது.

ஜூலை 6, வியாழன்

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். சம்யுக்தாதான் கத்தினாள்.

ஜூலை 9, ஞாயிறு

பாதியில் விட்ட கோர்ஸை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். விடிகாலையில் வீடு அமைதியாக இருக்கிறது, அதனால்தான். பூபதியும் எழுந்து வந்து எதிரில் பேப்பர் படிக்கிறார். ஏன் ஆரம்பித்தாய் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. டீ ஆறினால் எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருகிறார்.

அவருடைய சட்டையெல்லாம் தொளதொள என்று தொங்குகிறது. காலர் பட்டன் போட்டால் நடுவில் ஒரு விரல் போகிறது.

ஜூலை 13, வியாழன்

இன்று நான் கொண்டுபோன புளிசாதத்தை ஹரிணி தொடவில்லை. கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்க ரெஸ்யூமே இருந்தா எனக்கு அனுப்புறீங்களா? எங்க கஸ்டமர் ஒரு ஆஸ்பத்திரி, சிங்காநல்லூர்ல. அங்க ஆள் கேக்குறாங்க."

"எனக்கு எதுக்கு ஹரிணி?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் வந்தப்போ எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா. போன வாரந்தான் எங்க மேனேஜர் சொன்னாரு. சாப்பாடெல்லாம் கொண்டு வந்து குடுத்தீங்க..."

"மொதல்ல சாப்பிடு. புளிசாதம் காஞ்சா நல்லா இருக்காது."

சாப்பிட்டாள். சாயங்காலம் ரெஸ்யூமேயைத் தேடினேன். கடைசியாகத் திருத்தியது சம்யுக்தாவுக்கு இரண்டு வயதில். திருத்தி அனுப்பினேன். இருந்தால் நல்லதுதானே, எதற்கும்.

ஜூலை 17, திங்கள்

ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். சுதர்சன் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூபதி ஒரு கவருடன் நின்றிருந்தார்.

"பூபதி, நீங்க வேணும்னா வெளிய இருங்க. நான் பேசிக்கறேன்" என்றார் ஜி.எம்.

"இருக்கட்டும் சார். அவர் வேலைதானே அது" என்றேன் நான்.

இருந்தார். சர்வர், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இனி வெளிக் கம்பெனி பார்க்கும், இந்தப் பதவியை எடுக்கிறார்கள், மூன்று மாதச் சம்பளம் சேர்த்துத் தருவார்கள், என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜி.எம். நல்ல மனிதர். நாலு தடவை தண்ணீர் குடித்தார். கவரைப் பூபதி நீட்டினார். வாங்கும்போது என் கையால் அவர் கையைக் கொஞ்சம் அழுத்திவிட்டுத்தான் வாங்கினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். டீ வந்தது. தேங்காய் பன் வந்தது. இருவரும் தொடவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு மாசமா பாத்திரம் கழுவுனீங்க. அதுக்குப் பதிலா ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?"

"அந்த ஃபோல்டர்ல உன் பேரு மட்டும் இல்ல கோகி. இன்னும் ஆறு பேரு. உனக்கு மட்டும் சொன்னா, அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது? அவங்க வீட்டுல எல்லாம் எச்.ஆர். மேனேஜரு இல்லியே."

அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

"உன்ன டிசைன் டிபார்ட்மென்டுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டேன். ஒத்துக்கல. இந்த வேலையில இருந்து என்ன விட்ருங்கன்னு கேட்டேன். அதுக்கும் ஒத்துக்கல." பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி."

"நான் பாக்கல."

"நீ பாக்கலைன்னு எனக்குத் தெரியும் கோகி."

பேக்கரிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னைச் சாப்பிட்டேன். அவருடையதையும் அவரைச் சாப்பிட வைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

நேற்றே செய்தி பரவிவிட்டது. எனக்கு அடுத்து யார் என்று ஆபீசே குசுகுசுக்கிறது.

காலை டீக்கு நாச்சிமுத்து அண்ணன் வந்தார். ஹரிணி வெளியே போகும் வரை காத்திருந்தார். அவர் பெண்ணுக்கு ஆவணியில் நிச்சயம் வைக்கப் பேச்சு நடக்கிறது.

"அம்மணி, உன்றகிட்ட இன்னும் சாவி இருக்குதல்ல?"

"இருக்குதுண்ணா. மாசக் கடைசி வரைக்கும்."

"ஒரே ஒரு தடவ. எச்.ஆர். ஃபோல்டர்ல என்ற பேரு இருக்குதா இல்லையான்னு மட்டும் பாரு. வாயத் தொறந்து சொல்ல வேண்டாம், தலய ஆட்டுனாப் போதும். நாளைக்குச் சாயந்தரம் சம்பந்தி வீட்டுல இருந்து வர்றாங்க. வேலை இல்லாதவன் ஊட்டுல எப்படித் தேதி குறிக்கறது?"

என் கை மவுஸ் மேல்தான் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். இந்தக் கம்பெனியில் என் முதல் தீபாவளிக்குக் குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்ற என்னை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டவர் இவர். இனி எனக்கு என்ன செய்துவிடுவார்கள்? இரண்டு வாரத்தில் போகப் போகிறவள்தானே.

"முடியாதுண்ணா."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். மதியம் எங்கள் மேஜைக்குச் சாப்பிட வரவில்லை. கொள்முதல் அறையிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

நான் சாப்பிடாமலே டப்பாவை மூடினேன். நேரே பூபதியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இன்னும் எத்தன நாளைக்கு சார் அந்த ஆறு பேரையும் காக்க வெப்பீங்க?"

"மாசக் கடைசியில சொன்னாப் போதும்னு ஜி.எம்..."

"இப்ப ஆறு பேரு இல்ல, மொத்த ஆபீசும் பயந்துட்டு உக்காந்திருக்குது. நாச்சிமுத்து அண்ணன் வீட்டுல நாளைக்குத் தேதி குறிக்கறாங்க. எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கேக்கவும் இல்ல. அவங்கவங்களுக்குச் சொல்லிருங்க. இருந்தா இருக்குதுன்னு, இல்லாட்டி இல்லைன்னு. நீங்க பாத்திரம் கழுவறதுக்கு அவங்க வீட்டுல ஆள் இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பூபதி எழுந்து, சட்டையை உள்ளே சரியாகச் செருகிக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார்.

கதவு சாத்தியிருந்தும் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் குரலை உயர்த்தாத ஆள் அவர். ஹரிணி மெதுவாக, "அக்கா, அது பூபதி சாரா?" என்றாள். "ஆமா" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதினால் என்ன.

ஜூலை 19, புதன்

காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூடவே உட்கார்ந்து பேசி, இருவருக்குத் தெரிந்த இடத்தில் போன் போட்டு வேலைக்கும் கேட்டிருக்கிறார் பூபதி. மற்றவர்களிடம், உங்களுக்கு ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

நாச்சிமுத்து அண்ணன் பெயர் அதில் இல்லை.

பதினொரு மணிக்கு வந்து என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நேத்து ஒரு கோவத்துல போயிட்டேன் அம்மணி."

"விடுங்கண்ணா."

"நல்லதாப் போச்சுன்னு சொல்றதுக்கும் வாய் வர மாட்டேங்குது. உனக்குப் போயிட்டு எனக்கு இருக்குதே." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "நீ பாத்துச் சொல்லியிருந்தீனா நேத்து ராத்திரி தூங்கியிருப்பேன். ஆனா அக்கட்ட போயி நெனச்சேன். நாளைக்கு என்ற விஷயத்தையும் இந்தப் புள்ள ஆருகிட்டயும் சொல்லாதுன்னு."

"நிச்சயத்துக்கு என்னக் கூப்பிடாம விட்டுறாதீங்க."

"கூப்பிடாமயா? நீதான் முன்னாடி நின்னு தாம்பாளம் வாங்கோணும்."

மதியம் எங்கள் மேஜையில்தான் சாப்பிட்டார். என் டப்பாவில் இருந்த அப்பளம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 25, செவ்வாய்

சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒரு டாக்டர், "எல்லா நோயாளிகளோட ரிப்போர்ட்டும் உங்க கையில இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஒரு ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லுன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"போன வாரம் கேட்டாங்க சார்" என்றேன். என்ன நடந்தது என்று பெயர் சொல்லாமல் சொன்னேன்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி சேரச் சொன்னார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. பஸ் மாறிப் போக வேண்டும். இனிமேல் பூபதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போக முடியாது. திரும்பி வரும்போது அதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சம்யுக்தாவிடம் சொன்னதும், "அப்ப இனிமே பாத்திரம்?" என்றாள். "நான்தான்" என்றார் அவள் அப்பா, உள்ளேயிருந்து.

ஜூலை 31, திங்கள்

கடைசி நாள். அட்மின் குரூப்பில் இருந்து என் பெயரை ஹரிணி எடுக்க வேண்டும். அவள் என் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றாள். நின்றுகொண்டே செய்தாள். "நீங்களே அழுத்துங்கக்கா" என்றாள். "என்னை நானே எடுத்துக்கிட்டா ரெக்கார்டுல நல்லா இருக்காது, நீ பண்ணு" என்றேன். பண்ணினாள். உடனே ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. சரியாக வேலை செய்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபவுண்டரியில் இருந்து எல்லாரும் வந்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் பேச எழுந்து, பேசாமலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வேலை பாக்கி. வெளியேறுகிற ஒவ்வொருவரிடமும் எச்.ஆர். சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டில் கேட்பார்கள். விதிவிலக்குக் கிடையாது.

பூபதியின் அறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"நீங்கள் வேலையை விட்டு விலகும்..." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"குடுங்க சார்." தாளை வாங்கிக்கொண்டேன். "நான் கேக்கறேன், நானே பதில் சொல்றேன். நீங்க எழுதுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"இந்த நிறுவனத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? ஃபவுண்டரி போண்டா."

எழுதினார்.

"சக ஊழியர்கள் உங்களை மரியாதையாக நடத்தினார்களா? ஆமாம். அம்மணின்னு கூப்பிட்டாங்க."

எழுதினார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"நிர்வாகம் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டதா?"

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேலாக அவர் என் முகத்தை இப்படி நேராகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எல்லாரையும்விட" என்றேன். "எழுதுங்க."

எழுதினார். எழுத்து கோணலாகப் போனது.

"நிர்வாகத்துக்கு நீங்கள் கூற விரும்பும் ஆலோசனை." தாளைக் கீழே வைத்தேன். "எச்.ஆர். மேனேஜர் ரொம்ப மெலிஞ்சு போயிட்டார். இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன். மதியம் நேரத்துக்குச் சாப்பிடறாரான்னு யாராச்சும் பாத்துக்கணும்."

"இதையுமா எழுதணும்?"

"நான் சொல்றத எழுதறதுதானே சார் உங்க வேலை?"

எம்.டி. பார்க்கிற தாள், ஆடிட்டர் பார்க்கிற தாள். ஒரு வார்த்தை விடாமல் அப்படியே எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவர் போட்டார்.